கொஞ்சம் மீத்தேன்

என் அப்பா வீரையன் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறார். வீடுகளில் நிரம்பியதை உறிஞ்சி எடுப்பது பெரிய வேலை இல்லை. குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டால் அது பாட்டுக்கு ஏறிக்கொள்ளும். எடுத்ததை எங்கே கொட்டுவது என்பதுதான் வேலை. நன்னிலத்துக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில் வயல் இல்லாத இடம் கிடையாது. வயல் இல்லாத இடத்தில் வாய்க்கால் இருக்கும், வாய்க்கால் இல்லாத இடத்தில் வடிகால் இருக்கும். எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

போன வருடம் பக்கத்து ஊர் வடிகாலில் கொட்டும்போது அப்பா பிடிபட்டார். அந்த ஊர்க்காரர்கள் அவரை அடிக்கவில்லை. அவர் கொட்டிய தண்ணீரிலேயே இறங்கி நிற்கச் சொன்னார்கள். போலீஸ் வரும்வரை இடுப்பளவு நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அதனால் எங்கள் ஊர் எல்லையில், புறம்போக்கு நிலத்தில், கசடிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறிய நிலையம் ஒன்று வந்தபோது, எனக்கு அதில் வேலை கிடைத்ததைவிட அப்பாவுக்கு ஒரு வாசல் கிடைத்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர்தான் ரிப்பன் வெட்டினார். வாட்ச்மேன் கோவிந்தராசு லாரியின் ஹாரன் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்து, "வாங்க வீரையண்ணே, இன்னிக்கு யார் வீட்டு விருந்து?" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே ஓட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் கொட்டுவார். பகலில் கொட்டுவது அவருக்குப் புதிது. முதல் வாரம் முழுக்க, கொட்டும்போது திரும்பித் திரும்பிச் சாலையைப் பார்த்தார்.

நான் திருவாரூரில் மாலை வகுப்பில் டிப்ளமோ படிக்கிறேன். நிலையத்தில் உதவி ஆபரேட்டர். அன்றன்றைக்குச் செய்ததை அன்றே எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எழுதினால் புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எங்கே வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நிலையத்தின் வேலை இதுதான். லாரிகள் கொட்டும் கசடு மணல் படுக்கையில் காயும். காய்ந்ததை உமியோடு கலந்து அழுத்தினால் விரல் நீளத்துக்குக் கட்டிகளாக வரும். அவற்றை ஓர் இரும்பு உருளைக்குள் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு, முழுதாக எரியவிடாமல் சூடேற்றினால் வாயு கிளம்பும். அதைத் தண்ணீரில் கழுவி, மரத்தூளில் வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்பினால் மின்சாரம். நாற்றம் இருக்காது. கடைசியில் மிஞ்சுவது சாம்பல். முதல் தடவை அந்தச் சாம்பலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அப்பா இடுப்பளவு நின்றது இதில்தானா என்று என்னால் நம்ப முடியவில்லை.

எஞ்சினியர் ஹமீதா பானு மேடம் நாகூர்க்காரர். "எங்க வீட்டு மாடியிலேருந்து பாத்தா தூரத்துல ஒரு நெருப்பு தெரியும்" என்று ஒருநாள் சொன்னார். "எண்ணெய் ஆலையோட நெருப்பு. ராத்திரியெல்லாம் எரியும். எங்க வாப்பா அதைக் காட்டித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாங்களாம். அதைப் பாத்துப் பாத்துத்தான் நான் கெமிக்கல் எடுத்தேன்." அடுத்த திட்டமும் அவரிடம் தயாராக இருந்தது. வாயுவின் சூட்டில் கொள்முதல் நிலையத்துக்கு வரும் ஈர நெல்லை உலர்த்துவது. பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்பும் நெல்லை நாமே காயவைத்துக் கொடுத்தால் விவசாயிகள் நம்மைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்றார்.

சம்பா நடவு தொடங்கியதும் அம்மா ஒரு பேச்சைக் கொண்டுவந்தார். அம்மா காத்தாயி, எங்கள் ஊர் விவசாயி வைரக்கண்ணு ஐயாவின் வயலில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏன்டி, நீ வேலை பாக்குற எடத்துல மீத்தேன் எடுக்குறாங்களாமே?"

"மீத்தேன் இல்லம்மா. அப்பா கொண்டாந்து கொட்டுறதுலேருந்து வர்ற வாயு."

"நானும் அதத்தான் சொன்னேன். கூட நடுற ஞானாம்பா சிரிக்கிறா. பீயிலேருந்து கேஸ் வரும்னா ஒன் புருஷன் இந்நேரம் கோடீஸ்வரன் ஆயிருப்பானேங்குறா. வரப்புல நின்ன ஐயாகூடச் சிரிச்சாரு. ஆனா அவரு சிரிச்சது எனக்கு நல்லாப் படல."

அம்மா சொன்னதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யோசித்தால், நாங்கள்தான் கேட்டில் 'எரிவாயு உற்பத்தி நிலையம்' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தோம். வாயுவைக் கழுவத் தண்ணீர் வேண்டுமென்று போர் போட்டோம். போர் வண்டி வந்து இரண்டு நாள் சத்தம் போட்டுக் குழாய் இறக்கியதை ஊரே பார்த்தது. எங்கள் பக்கத்தில் இப்படித்தான் எல்லாம் ஆரம்பிக்கும். ஒரு வண்டி வரும். குழாய் இறங்கும். கேட்டால் தண்ணீருக்கு என்பார்கள், கடைசியில் எண்ணெயோ மீத்தேனோ எடுக்கிற கிணறாக நிற்கும்.

வைரக்கண்ணு ஐயா அதை நேரில் கண்டவர். அவருடைய தங்கை மங்களாம்பிகையைக் கொடுத்த ஊரில், வயலில் இருந்த எண்ணெய்க் கிணற்றிலிருந்து மண்ணுக்கு அடியில் ஓடிய குழாய் உடைந்து, பால் பிடித்த பயிரின் மேல் கறுப்பாகப் படர்ந்தது. அந்த மண் மறுபடி விளையவில்லை. நிலத்தை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனார்கள். மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்தில் ஐயா ஜெயிலுக்கும் போய்வந்தார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு காலை அவர் பத்துப் பன்னிரண்டு பேரோடு கேட்டுக்கு வந்தார். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரும் கூட வந்திருந்தார். கோவிந்தராசு என்னைக் கூப்பிட்டார். மேடமும் வந்தார்.

"போர் போட்டீங்களா இல்லையா?" என்றார் ஐயா.

"போட்டோம் சார். வாயுவைக் கழுவத் தண்ணி வேணும். வீட்டுக்குப் போடுற ஆழம்தான்" என்றார் மேடம்.

"அவங்களும் மொதல்ல தண்ணிக்குன்னுதான் சொன்னாங்க."

"இது அது இல்ல சார். இது லாரில வர்ற கழிவு. இந்த வாயுவால ஒங்க நெல்லையே காயவெச்சுத் தரப்போறோம்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பீய எரிச்சுக் காயவெச்ச நெல்ல சாமிக்கு எப்படிங்க பொங்கிப் போடுறது?" எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டார். ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

"மேடம், நாங்க படிக்காதவங்கன்னு நெனச்சிப் பேசாதீங்க. உள்ள என்ன வருது, எங்கேருந்து வருது, அதக் காட்டுங்க. கண்ணால பாத்தா நாங்களே பேசாமப் போயிடுறோம்."

"தாராளமா வாங்க. ஊரையே கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம்.

அன்று மாலை என்ன காட்டுவது என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். உருளையைக் காட்டலாம், உள்ளே நடப்பது தெரியாது. எஞ்சினைக் காட்டலாம், எஞ்சின் எதிலும் ஓடும். வாயுவோ கண்ணுக்குத் தெரியாது. மிஞ்சியது சுடர்தான். உருளையைச் சூடேற்றும்போது முதலில் வரும் வாயு எஞ்சினுக்கு ஆகாது. அதை ஓர் உயரமான குழாய் வழியாக மேலே விட்டு எரித்துவிடுவோம். புகையோடு மஞ்சளாக எரிவது மெல்ல வெளுத்து நீலம் கலந்து நின்றால் வாயு சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். காற்றில் அணையாமலிருக்கச் சுற்றிலும் தகரம் அடைத்திருந்ததால் வெளியே யாருக்கும் அது தெரியாது. தகரத்தைக் கழற்றிவிடலாம் என்றார் மேடம். பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது, அதனால் அந்தியில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. நாகூர் மாடியில் சோறு ஊட்டக் காட்டிய நெருப்பு அவருக்கு. எனக்கு அது தினமும் பார்த்துக் குறித்துக்கொள்கிற ஒரு நிறம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தியில் ஊர் திரண்டு வந்தது. நடவு முடித்துக் கால் கழுவாமல் வந்த பெண்கள்கூட இருந்தார்கள். அம்மா ஞானாம்பாளோடு ஒதுங்கி நின்றார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு லாரிப் பக்கத்தில் நின்றார். வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் கொண்டாந்து கொட்டுறேன். மொதல்லேருந்து நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழிவு லாரிக்காரன் தானாக வந்து யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

மேடம் படுக்கையைக் காட்டினார். கட்டிகளைக் கையில் கொடுத்தார். சிலர் வாங்க மறுத்தார்கள். சிலர் மோந்து பார்த்து, "வரட்டி மாரி இருக்கு" என்றார்கள். "நாத்தமே இல்லியே" என்று ஞானாம்பாள் அம்மாவிடம் சொல்வது கேட்டது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐயாகூட ஒரு கட்டியை உடைத்துப் பார்த்து உமியை விரலால் தள்ளினார். பிறகு மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வால்வைத் திறந்து பற்றவைத்தேன்.

சுடர் மேலே எழுந்தது. முதலில் மஞ்சள். பிறகு வெளுத்தது. காற்று இல்லாததால் நேராக நின்றது. சுற்றிலும் நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் நின்றதால் அதிலும் தெரிந்தது. அத்தனை சுத்தமான சுடர் அதற்கு முன் வந்ததில்லை. நான் வால்வைப் பிடித்தபடி, சரியாக வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தோடு திரும்பினேன்.

நடவுப் பெண்களில் ஒருத்தி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைரக்கண்ணு ஐயா அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இதேதான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "மங்களா ஊட்டு வயல்ல நின்னு எரிஞ்சது இதேதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த டெல்டாவில் வயலுக்கு நடுவே ஓர் உயரக் குழாயின் நுனியில் எரியும் நெருப்பைப் பார்க்காதவர் யாரும் இல்லை. அது எங்கே எரிந்தாலும் அதன் அடியில் எண்ணெய்க் கிணறு இருக்கும். நாங்கள் கழிவு என்று எத்தனை சொன்னாலும் அவர்கள் கண்ணுக்கு அது அந்த நெருப்பு. நான் அதே ஊரில் பிறந்தவள். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

"அது பூமிக்குள்ளேருந்து வர்றதுங்க ஐயா. இது மேல, நம்ம உருளைலேருந்து வர்றது" என்றேன்.

"நெருப்பப் பாத்து எங்கேருந்து வருதுன்னு எப்படிம்மா சொல்றது?"

மேடம் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என்று விளக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து யாரோ, "தமிழ்ல சொல்லுங்க" என்று கத்தினார்கள். ஐயா கையைத் தூக்கி அவர்களை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ நம்ம ஊருப் புள்ள. காத்தாயி மவ பொய் சொல்லமாட்டா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுல மீத்தேன் இருக்கா, இல்லையா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். இந்த வாயுவில் மீத்தேன் உண்டு. நூறில் ஒன்றோ இரண்டோ. எதை இப்படிச் சூடேற்றினாலும் அந்த அளவு வரும். நான் அதைத் தினமும் அளந்து எழுதுகிறவள்.

"கொஞ்சம் இருக்கும்ங்க ஐயா. ரொம்பக் கொஞ்சம்தான்" என்றேன்.

அதற்குப் பின் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. "ஒத்துக்கிட்டா! ஒத்துக்கிட்டா!" என்று எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் போனில் யாரிடமோ கத்தினார். ஐயா மட்டும் என்னிடம் கோபப்படவில்லை. என் தலையைத் தொட்டு, "நல்லாருப்ப" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவர் என்னை நம்பியதால்தான் கேட்டார் என்பதையும் பிறகு நினைத்துப் பார்க்கிறேன். எப்படிப் பார்த்தாலும் சரியான விடை வரவில்லை.

தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடந்தது. ரிப்பன் வெட்டிய ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர், எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "விவசாயிகளோட உணர்வுதான் முக்கியம்" என்றார். மேடம் ஆய்வக அறிக்கையைக் கொடுத்தார். தாசில்தார் அதைப் புரட்டி ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

"இதுல மீத்தேன்னு போட்டிருக்கேம்மா."

"ஒன்னரை சதவீதம் சார். மாட்டுச் சாணத்துல இதவிட நெறய வரும்."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. வெளில நிக்கிறவங்களுக்கு நான் எப்படிப் புரியவைக்கிறது? நாளைக்கே மறியல்னு வந்தா மேல நான்தானே பதில் சொல்லணும்?"

தெளிவு ஏற்படும்வரை நிலையத்தை நிறுத்திவைப்பது என்று எழுதினார்கள். தெளிவு யாருக்கு ஏற்பட வேண்டும் என்று எழுதவில்லை. அப்பாவும் கூட்டத்துக்கு வந்திருந்தார். கடைசியில் எழுந்து, "லாரிய எங்கங்க கொட்டுறது?" என்று கேட்டார். "அது வேற சப்ஜெக்ட்டு, உட்காருப்பா" என்றார் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். அப்பா உட்கார்ந்தார்.

மேடத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது உருளையின் மூடியைத் தானே இறுக்கினார். "மழைல உள்ள ஈரம் ஏறாமப் பாத்துக்க" என்றார். நிலையத்தையே பூட்டப்போகும்போது யார், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நானும் கேட்கவில்லை. வருவாய் ஆய்வாளர் வந்து கேட்டில் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார். கோவிந்தராசு நன்னிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காவலுக்குப் போய்விட்டார்.

அடைமழை பிடித்தது. எல்லா வீட்டு டேங்கிலும் நீர் ஏறியது. ஒரு காலை அப்பாவின் போன் அடித்தது. வைரக்கண்ணு ஐயாவின் மனைவி சாவித்திரி அம்மாள். மகளுக்கு வளைகாப்பு, வீடு நிறைய உறவுகள், கக்கூஸ் எதிர்த்துக்கொண்டு வருகிறது, உடனே வர வேண்டும் என்றார். மழையில் கிளீனர் வரவில்லை. எனக்கும் வேலை இல்லாததால் நான் கூடப் போனேன்.

அப்பா கொல்லைப் பக்கமாகக் குழாயை விட்டு மோட்டாரைப் போட்டார். உள்ளே பெண்கள் வளையல்காரரிடம் பேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா குடை பிடித்தபடி வந்து நின்றார். என்னைப் பார்த்ததும், "படிப்பெல்லாம் எப்படிப் போவுது பாப்பா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"போவுதுங்க ஐயா" என்றேன்.

டேங்க் நிரம்பியதும் அப்பா குழாயைச் சுருட்டினார். "எங்கங்க ஐயா கொண்டுபோறது?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்குக் குத்தலாகப் பேச வராது.

ஐயா குடையைச் சாய்த்து வாய்க்கால் பக்கம் பார்த்தார். "நம்ம வாய்க்கால்ல மட்டும் வேணாம் வீரையா. இப்பதான் நட்டுருக்கு. வேற எங்கயாச்சும் பாத்து..." என்றவர் முடிக்காமல் உள்ளே போனார். சாவித்திரி அம்மாள் வெளியே வந்து எங்களுக்கு வாழையிலையில் சுற்றிய சாப்பாட்டைத் திட்டு மேல் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதை எடுத்து என் மடியில் வைத்தார். சூடாக இருந்தது.

அப்பா லாரியை நேராக நிலையத்துக்கு ஓட்டினார். அங்கே பூட்டு இருப்பது அவருக்குத் தெரியும். கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, எப்போதும் போல இரண்டு முறை ஹாரன் அடித்தார். உள்ளே மணல் படுக்கைகளில் மழைநீர் நிரம்பி வரப்பு வழிந்துகொண்டிருந்தது. உயரக் குழாய் தகரம் இல்லாமல் மொட்டையாக நின்றது. அரக்கு மழையில் ஊறியும் விடவில்லை.

"நீ படிச்சவ. நீயே சொல்லு. எங்க?" என்றார் அப்பா. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

கிழக்கே போனால் பெரிய வடிகால், அதன் கரை முழுக்க நடவு. மேற்கே போனால் அப்பா இறங்கி நின்ற ஊர். வடக்கிலும் தெற்கிலும் ஆறு. நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் அம்மாவைப் போல யாராவது முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார்கள்.

"தெரியலப்பா" என்றேன்.

அப்பா தலையசைத்தார். என்னிடம் அவர் எதிர்பார்த்ததும் அதுதான் போல. கேட்டுக்கு முன்னால் வண்டியைத் திருப்ப இடமில்லை. பாரம் நிறைந்த லாரியை மெயின் ரோடு வரை பின்னாலேயே எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வயல். சக்கரம் கொஞ்சம் நழுவினாலும் மொத்தமும் நாற்றின் மேல் கவிழ்ந்துவிடும்.

நான் இறங்கிப் பின்னால் போய் நின்றேன். மழையில் கையைத் தூக்கி, கிளீனர் சொல்வது போலவே, "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, வரலாம்" என்று சொல்லிக்கொண்டே ரோடு வரை பின்னால் நடந்தேன்.